நான் வக்கீல் வைத்த கதை

விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனிடம், வைத்தியருக்கு அடுத்தபடியாக வந்து நிற்பவன் ஏதோ ஒரு வக்கீலுடைய ஆளாகத்தான் இருப்பான் என்பதை, அப்படிக் கிடந்து பார்த்திராதவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். என் விஷயத்தில் அவன் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டான். காலில் போட்ட மாவுக்கட்டு ஈரம் உலராமலும், இடது கையை என்ன செய்வதென்று வைத்தியர்கள் இன்னும் தீர்மானிக்காமலும் இருந்த அந்த வேளையில், கக்கத்தில் தோல்பையோடு வந்து நின்ற அந்த மனிதன், என் தகப்பனார் பெயரையும், மோதிய காரின் நம்பரையும், போலீஸ் ஸ்டேஷனில் வழக்குப் பதிவான நேரத்தையும் என்னைவிடத் துல்லியமாகச் சொன்னான். "அண்ணே, நீங்க எங்கேயும் அலைய வேண்டாம், கையிலேருந்து காலணா எடுக்க வேண்டாம். வர்றதுல மூணுல ஒரு பங்கு எங்களுக்கு, மிச்சமெல்லாம் உங்களுக்கு. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்று அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினான். அது வக்காலத்து. கட்சிக்காரர் பெயர், வக்கீல் பெயர், கோர்ட்டின் பெயர், தேதி என்று நிரப்ப வேண்டிய இடங்களெல்லாம் வெறுமையாக இருந்தன. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு குறி இருந்தது.

என் ஜீவனம் அச்சுக் கோப்பது. கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் பதினாறு வயதில் எடுபிடியாகச் சேர்ந்து, ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் கேஸுக்கு முன்னால் நின்று, நாற்பத்து நான்காம் வயது வரையில் அதையன்றி வேறு தொழில் அறியாதவனாக இருந்தேன். படிக்காமல் ஒரு வரியைக் கோத்தவனில்லை. ஆகவே, எழுத்தே இல்லாத தாளில் கையெழுத்துப் போட மனம் ஒப்பவில்லை. மயக்க மருந்தின் கிறக்கத்தில் அதை எடுத்துச் சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. என் மனைவிதான் அந்தத் தாளை வாங்கி, மடித்து, அவனிடமே திருப்பிக் கொடுத்து, "அவரு எழுந்து உட்காரட்டும். படிச்சுப் பார்த்துட்டுப் போடுவாரு" என்று சொல்லி அனுப்பினாள். அவன் மறுபடியும் வந்தான். அவனைப் போன்ற வேறு சிலரும் வந்தார்கள். அவர்களை ஒரேயடியாகப் பழித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. சட்டமென்று ஒன்று தமக்கும் இருப்பதையே அறியாத எத்தனையோ ஏழைகளுக்கு, பங்கு போக மிஞ்சிய ஏதோ ஒரு தொகையாவது அவர்கள் மூலமாகத்தான் கிடைத்திருக்கிறது. ஆனால், வலியிலும் பயத்திலும் கிடக்கும் ஒருவனிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவது அநியாயம் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் சந்தேகமில்லை. வக்கீல் தாமாகவோ தரகர் மூலமாகவோ கட்சிக்காரரைத் தேடிப் போகலாகாது என்பது பார் கவுன்ஸிலின் விதி என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

விபத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1990-ஆம் ஆண்டு, ஐப்பசி மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால், வேலை முடிந்து தஞ்சாவூர்ச் சாலை வழியாகத் தாராசுரத்திலிருந்த வீட்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த பஸ்ஸை முந்திக்கொண்டு புறப்பட்ட அம்பாஸடர் கார் ஒன்று, சாலையின் என் பக்கத்துக்கே வந்து என்னை மோதிற்று. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அது சில மாதங்களில் கூடிவிட்டது. இடது கட்டைவிரலின் அடிமூட்டு நொறுங்கியதுதான் கூடவில்லை. விரல் இருந்தது, மடங்கவில்லை.

கழி ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு, என் மைத்துனன், "அத்தான், அந்தத் தரகனுங்க பேச்சு வேண்டாம். எங்க வீட்டுக்காரர் நிலத்து வழக்கை நடத்தினாரே ஒரு பெரியவர், அவரைப் போய்ப் பார்ப்போம்" என்றான். காவிரிக்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் திண்ணையை ஒட்டிய அறையில் அவர் இருந்தார். அறுபது வயதைக் கடந்தவர். பெரும்பாலும் நிலம், பாகப்பிரிவினை, குத்தகை முதலிய வழக்குகளை நடத்துபவர் என்றும், விபத்து வழக்குகள் சிலவற்றையே எடுத்திருக்கிறார் என்றும் அவரே முதலில் சொல்லிவிட்டார். அந்த வார்த்தையிலேயே எனக்கு அவரிடம் நம்பிக்கை ஏற்பட்டது.

விபத்து எப்படி நடந்தது என்று அவர் கேட்பார், அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனத்துக்குள் கோத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. "விபத்துக்கு முந்தின நாள் காலையில எழுந்ததிலேருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்றார். நான் சொல்லச் சொல்ல, குமாஸ்தாவிடம் கொடுக்காமல் தாமே எழுதிக்கொண்டார். கிணற்றில் தண்ணீர் இறைத்தது, மகளைச் சைக்கிளின் பின்னால் உட்கார்த்திப் பள்ளிக்கூடத்தில் விட்டது, அச்சகத்தில் நாள் முழுதும் நின்றது, மாலையில் கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்கு ஓவர்டைம் பார்த்தது என்று எனக்கே அற்பமாகத் தோன்றியவற்றையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, "இதுல எதெல்லாம் இப்ப உங்களால முடியலை?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அதுவரையில் எவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கை எப்படியிருக்கிறது, கால் எப்படியிருக்கிறது என்று கேட்டவர்கள் பலர். கையையும் காலையும் கொண்டு நான் நடத்திவந்த வாழ்க்கையைப் பற்றி விசாரித்தவர் அவர் ஒருவரே.

கட்டைவிரல் மடங்காததனால் அச்சுக் கோக்க ஏன் முடியாது என்பது அவருக்கு விளங்கவில்லை. எழுத்தைப் பொறுக்குவது வலது கைதானே என்றார். விளக்கிப் பார்த்தேன். அவர் திருப்தியடையாமல், ஒரு மாலைப்பொழுதில் தாமே அச்சகத்துக்கு வந்துவிட்டார். இடது உள்ளங்கையில், எழுத்துகளை வரியாகக் கோக்கும் ஸ்டிக்கை ஏந்தி, அதன் மூலையில் கட்டைவிரலை வைத்து, வலது கை பொறுக்கிப் போடும் ஒவ்வோர் எழுத்தையும் அந்த விரலே வாங்கி, அதற்கு முந்திய எழுத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். தலைகீழாக நிற்கும் எழுத்துகளைக் கண் படித்துக்கொண்டிருக்கும்போது, வரி சரியாமல் இருக்கிறதா என்பதைப் பார்ப்பது கட்டைவிரலின் நுனிதான். என்னைவிட இளையவன் ஒருவன் கோப்பதை அவர் அருகில் நின்று பார்த்தார். பிறகு என்னைக் கோக்கச் சொன்னார். என் பெயரையும் ஊரையும் கோக்கத் தொடங்கினேன். பாதி வரி வரும்வரையில் விரலை வலிய ஊன்றிப் பிடித்திருந்தேன். அடுத்த எழுத்தை வாங்க விரலை நகர்த்த வேண்டிய இடத்தில் அது நகரவில்லை, எழுத்துகள் சரிந்து தரையில் சிதறின. அவர் குனிந்து, அவற்றில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் மனுவில் தொழிலைப் பற்றி எழுதிய பத்தி, அன்று மாலை அந்தக் கேஸுக்கு முன்னால் நின்றபடி அவர் எழுதிக்கொண்டதுதான்.

பீஸைப் பற்றி நானே பேச்செடுத்தேன். தரகன் சொன்ன மூன்றில் ஒரு பங்குக் கணக்கைக் கேட்டபோது அவருடைய முகம் மாறிற்று. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் நம் நாட்டு வக்கீல்களின் தொழில் ஒழுக்கம் அனுமதிப்பதில்லை என்றும், பாதிப் பங்குக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்ட ஒரு சீனியர் அட்வகேட்டின் நடத்தையை 1954-இல் உச்ச நீதிமன்றமே கண்டித்திருக்கிறது என்றும், அந்தத் தீர்ப்பில் அவருடைய பெயரை எழுதாமல் 'ஜி' என்ற ஓர் எழுத்தாலேயே குறித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். பிறகு ஒரு தொகையைக் காகிதத்தில் எழுதிக் காட்டி, "வழக்கு ஜெயிச்சாலும் தோத்தாலும் இவ்வளவுதான். கோர்ட்டுச் செலவு தனி, அதுக்குச் சீட்டுக் கொடுப்பேன். ஒரே தடவையில வேண்டாம், முடிஞ்சப்ப முடிஞ்சதைக் கொடுங்க" என்றார். அமெரிக்காவில் காயம்பட்டோர் வழக்குகள் பெரும்பாலும் பங்குக் கட்டணத்திலேயே நடக்கின்றன என்பதும், பணமில்லாதவனுக்கு அதுவே கோர்ட்டின் கதவைத் திறந்துவிடுகிறது என்று வாதிப்போர் உண்டு என்பதும் எனக்கு இப்போது தெரியும். அந்த வாதத்தில் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆயினும், கட்சிக்காரனுக்கு வரும் தொகையில் தமக்கும் பங்கில்லாத ஒருவர் அவனுக்குச் சொல்லும் யோசனையில் ஒரு தெளிவு இருக்கிறது. அதை நான் பின்னால் சமரசப் பேச்சு வந்தபோது கண்கூடாகக் கண்டேன்.

வக்காலத்தை வாசித்துப் பார்த்து, எல்லா இடங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்த்து, அவர் முன்னிலையில் கையெழுத்திட்டேன். அப்போதுதான் அவர் கெடுவைப் பற்றிச் சொன்னார். 1989 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் ஓராண்டு வரையில் தாமதத்தைப் பொறுக்கலாம். ஓராண்டு கடந்தால் கோர்ட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களும் அந்த ஆறு மாதத்தில் சேர்ந்தவைதாம். இந்தக் கெடுவினால் உரிமையிழந்தவர்கள் பலர் என்பதால் 1994-இல் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். ஆனால் 2019-இல் வந்த திருத்தம் ஆறு மாதக் கெடுவை மறுபடியும் புகுத்தி, 2022 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆதலால், உடம்பு தேறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இன்று காத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தரகனுக்குக் கையெழுத்துப் போட அவசரம் கூடாது என்பது எவ்வளவு உண்மையோ, நல்ல வக்கீல் ஒருவரைத் தேடிக்கொள்வதில் தாமதம் கூடாது என்பதும் அவ்வளவு உண்மை.

காகிதங்களைச் சேர்ப்பதில்தான் ஒரு வக்கீலின் உண்மையான உழைப்பு இருக்கிறது என்பதை அந்த மாதங்களில் கண்டேன். முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, காரின் இன்ஷூரன்ஸ் பாலிஸி, ஓட்டியவரின் லைசென்ஸ், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், மருந்துக்கடை ரசீதுகள் என்று ஒவ்வொன்றாக அவருடைய குமாஸ்தா நகல் வாங்கினார். என் மனைவி மருந்துக்கடைத் துண்டுச் சீட்டுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி ஒட்டியது என் வேலை. ஓட்டுநர் போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தில், நான் சைக்கிளைத் திடீரென்று நடுச்சாலைக்கு ஒடித்தேன் என்று சொல்லியிருந்தார். அதைப் படித்து நான் கொதித்துப்போனேன். வக்கீல் கோபப்படவில்லை. போலீஸார் சம்பவ இடத்தில் வரைந்த ரஃப் ஸ்கெட்சின் நகலை மேஜைமேல் விரித்து, "உடைஞ்ச கண்ணாடி எங்கே கிடந்ததுன்னு பாருங்க" என்றார். தாராசுரம் நோக்கிப் போகிறவனுக்கு இடப்புறமான தெற்கு மண் ஓரத்தில், ஹெட்லைட் கண்ணாடித் துண்டுகளுக்கு ஒரு குறியும், என் சைக்கிளுக்கு ஒரு குறியும் போடப்பட்டிருந்தன. அந்தப் படத்தை வரைந்த காவலர் என் பக்கத்தையும் பார்த்தவரில்லை, ஓட்டுநரின் பக்கத்தையும் பார்த்தவரில்லை. கண்டதைக் கண்டபடி குறித்துவிட்டுப் போயிருந்தார். வழக்கின் முதற்பாதி அந்தக் குறியிலேயே நின்றது.

மனு, விபத்துக் கோரிக்கை மனுக்களுக்குரிய எம்.சி.ஓ.பி. நம்பர் பெற்றுச் சார்பு நீதிமன்றத்தில் கோப்புக்கு வந்தது. அந்த நீதிபதியே விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயமாகவும் அமர்ந்தார். கேட்ட தொகை 1,50,000 ரூபாய். யார் மீது தவறு என்று ஆராயாமலே, நிரந்தர ஊனத்துக்கு உடனே கொடுக்க வேண்டிய 12,000 ரூபாய் அந்நாளையச் சட்டத்தில் இருந்தது. மூட்டு ஒன்று நிரந்தரமாகப் பயனிழந்தாலும் அது பொருந்தும் என்று காட்டி, அதற்குத் தனியாக ஒரு மனுப் போட்டு அதை முதலில் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பணம் வந்திராவிட்டால் மகளின் படிப்பு அந்த வருஷமே நின்றிருக்கும்.

வாய்தாக்கள் நீண்டுகொண்டே போயின. ஒரு நாள் மனம் சோர்ந்து, இப்படி இழுக்கிறதே என்று அவரிடம் குறைப்பட்டேன். அப்போது அவர் ஒரு பழைய வழக்கைச் சொன்னார். 1947-இல் தாராபுரத்திலிருந்து பழனிக்குப் போன பஸ் ஒன்று விபத்துக்குள்ளாகி அதில் சென்ற ஓர் இளைஞர் இறந்துபோனார். அவருடைய குடும்பத்தார் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்று, 1960-களின் தொடக்கத்தில்தான் முடிவுக்கு வந்தது. தீர்ப்பாயங்கள் என்ற ஏற்பாடே 1956-இல் செய்த திருத்தத்தினால் வந்தது; அதற்கு முன்னால் அடிபட்டவன் சிவில் கோர்ட்டில் பிராது கொடுத்து, கேட்கும் தொகைக்கேற்ப ஸ்டாம்பும் கட்ட வேண்டும். "அந்தக் குடும்பம் விடாம நின்னதுனால வந்த சட்டத்தை வெச்சுத்தான் நான் உங்களுக்காகப் பேசறேன்" என்றார். மகனை இழந்த ஒரு வீடு அத்தனை காலம் கோர்ட்டுக்கு அலைந்ததை எண்ணிப் பார்த்தபோது, என் சோர்வு தானாகவே அடங்கிற்று.

வழக்கின் இரண்டாவது பாதி கட்டைவிரலைப் பற்றியது. அரசு வைத்தியர் ஊனம் நூற்றுக்கு இருபது என்று சான்றிதழ் கொடுத்தார். அப்படியானால் சம்பாத்தியமும் நூற்றுக்கு இருபதுதானே குறையும் என்று, நாட்டுடைமையான நான்கு நிறுவனங்களுள் ஒன்றான காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் கேட்டார். அங்கத்தின் ஊனம் வேறு, ஜீவனத்தின் நஷ்டம் வேறு என்பதை எங்கள் வக்கீல் எங்கள் அச்சக முதலாளியின் சாட்சியத்தைக் கொண்டும், கூலிப் பதிவேட்டைக் கொண்டும் நிலைநாட்டினார். இதே பேதத்தை 2010-இல் ராஜ்குமார் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மிகத் தெளிவாக விளக்கியிருக்கிறது: இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாத்தியம் ஏறக்குறைய முழுதும் போய்விடும், அரசு அலுவலகக் குமாஸ்தாவாக இருந்தால் உத்தியோகம் போகாமலும் இருக்கலாம் என்று. அந்தத் தீர்ப்பு வருவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னால், ஸ்டிக்கிலிருந்து சரிந்த எழுத்துகளைப் பார்த்த ஒருவர் அதே நியாயத்தை ஒரு சிறிய கோர்ட்டில் பேசினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். என் குறுக்கு விசாரணையில் அவர் வைத்த கேள்வி இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. "ஆஃப்செட் வந்தாச்சு, கம்ப்யூட்டர் வந்தாச்சு. உங்க கை நல்லாயிருந்தாலும் இன்னும் சில வருஷத்துல இந்த வேலை இருக்காதுதானே?" அது பொய்யில்லை. எங்கள் ஊரிலேயே இரண்டு அச்சகங்கள் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டிருந்தன. நான் இருபத்தெட்டு வருஷம் நின்ற தொழில் போய்க்கொண்டிருக்கிறது என்பதை, சாட்சிக் கூண்டில் சத்தியம் செய்துவிட்டு, நானே என் வாயால் ஒப்புக்கொள்ள நேர்ந்தது விரல் முறிந்ததைக் காட்டிலும் எனக்கு வலித்தது. இந்தக் கேள்வி வரும் என்று எங்கள் வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். "மறைக்காதீங்க, தெரிஞ்சதைச் சொல்லுங்க" என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த பதில். மறு விசாரணையில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தொழில் மாறும்போது புதிய வேலையைக் கற்றுக்கொள்ள எந்தக் கை வேண்டும்?

தீர்ப்புக்கு முன்னால் எதிர்த்தரப்பு 25,000 ரூபாய்க்குச் சமரசம் பேசிற்று. என் உறவினர்கள் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வக்கீல் என்னை உட்காரவைத்து, வாங்கினால் உடனே கையில் பணம், இனி அலைச்சல் இல்லை என்பதையும், வாங்காவிட்டால் கூடுதலாகவும் வரலாம், நீதிபதி ஆஃப்செட் வாதத்தை முழுதும் ஏற்றால் குறைவாகவும் வரலாம் என்பதையும் சமமாக எடுத்துச் சொல்லிவிட்டு, தம் அபிப்பிராயத்தைக் கேட்டபோது மட்டும், "எனக்கு இது போதாதுன்னு படுது. ஆனா ராத்திரி தூங்க வேண்டியவர் நீங்க" என்றார். நான் மறுத்துவிட்டேன்.

1993-இல் தீர்ப்பு வந்தது. மோதியது காரின் தவறே என்று முடிவாயிற்று. மாதத்துக்கு 400 ரூபாய் நஷ்டம் என்று கொண்டு, என் வயதுக்கு வேறு கோர்ட்டுகள் இன்னும் அதிக வருஷம் கணக்கிட்டிருக்க, தொழிலின் நிலையைக் கருதிப் பத்து வருஷத்துக்கு மட்டும் பெருக்கி, 48,000 ரூபாய். வலிக்கும் வேதனைக்கும் 10,000. வைத்தியம், போக்குவரத்து, ஊட்டச்சத்து, வேலையில்லாத மாதங்களின் கூலி எல்லாம் சேர்த்து 10,000. ஆகமொத்தம் 68,000 ரூபாய், முன்பே பெற்ற 12,000 போக மீதிக்கு மனுப் போட்ட தேதியிலிருந்து நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. பத்து வருஷம் என்று குறைத்தது எனக்கு மனத்தாங்கலாகத்தான் இருந்தது. மேல்முறையீடு செய்யத் தொண்ணூறு நாள் உண்டு என்று வக்கீல் சொன்னார். யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். எதிர்த்தரப்பாரும் போகவில்லை. பாதித் தொகையைப் பாங்கியில் மூன்று வருஷ டெபாஸிட்டாகப் போடும்படி நீதிபதி உத்தரவிட்டார். அதற்குள் நான் மெய்ப்புப் பார்க்கும் வேலைக்கு மாறியிருந்தேன். சம்பளம் குறைவு, ஆனால் கட்டைவிரல் தேவையில்லை.

செக் மாறிய அன்று மாலை, பீஸில் பாக்கியிருந்ததை எடுத்துக்கொண்டு போனேன். தட்டில் பழம், வெற்றிலைபாக்குக்கு அடியில் அவர் கேட்டதற்கு மேலாகவும் ஒரு தொகையை என் மனைவி வைத்திருந்தாள். அவர் பழத்தையும் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டு, பணத்தை எண்ணி, முதல் நாள் காகிதத்தில் எழுதிக் காட்டிய தொகைக்கு எவ்வளவு பாக்கியோ அவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். ரசீது எழுதும்படி குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த வழக்குக் கட்டைப் பிரிக்கத் தொடங்கினார்.